ஆறாம் வரிசை, வலப்பக்கம்

பனிக்கட்டி மேல் வைத்துத்தான் உடைக்க வேண்டும்.
வெதுவெதுப்பில் உடைத்தால்
போட்ட கையெழுத்தைத் தானே அழித்துவிடும் செல்.
அழிப்பதற்கென்றே உள்ளே ஆள் வைத்திருக்கிறது.
அந்த ஆட்களின் கையைக் கட்டிப்போட ஒரு சொட்டு மருந்து,
பிறகு சுரண்டல், சுழற்சி, நாலு டிகிரி.
அந்த நொடியில் என்னவாக இருந்ததோ
அப்படியே நிற்கிறது குழாயில்,
கலங்கலாக.

எட்டாம் எண் பல்
பாப்பாரப்பட்டிக்கு அப்பால் ஒரு போர்வெல் ஊரிலிருந்து வந்தது.
மாதம்மாள், வயது நாற்பத்தாறு.
படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு
பஞ்சைக் கடித்தபடியே கேட்டாள்:
"பல்லே போயிடுச்சு, உள்ள இருக்கறது மட்டும் சாவலியா?"
சாகவில்லை.
மூன்று வாரம் தட்டில் கிடந்து பெருகியது.
அவ்வளவு பழுப்பேறிய பல்லுக்குள்ளிருந்து
கண்ணாடி போல் செல்கள்.

சவ்வு ஒரு தீப்பெட்டி அகலம்.
வெறும் வெள்ளை.
அதில் முப்பத்தேழு இடங்களில், இரண்டிரண்டாக,
கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன ஆன்டிபாடிகள்.
ஒவ்வொன்றும் ஒரே ஒரு முகத்துக்காக.
முகம்கூட இல்லை,
முகத்தில் ஒரு மச்சத்துக்காக.
மச்சம் என்பது
செரினிலோ டைரோசினிலோ தொற்றிக்கொண்ட ஒற்றை பாஸ்பேட்.
அது இல்லாமல் வந்தால்
அதே புரதமென்றாலும் யாரோ எவரோ.

பாலக்கோட்டுத் தக்காளிக்கு
மூட்டை மூட்டையாக இறங்குகிற அதே பாஸ்பேட்.
இங்கே ஒன்று.
ஒன்று ஏறினால் போதும்,
சும்மா கிடந்தது எழுந்து அடுத்ததை எழுப்பும்.

சென்றாயன் ஐஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"புரியுது மேடம். பஸ் ஸ்டாண்ட்ல பென்னாகரம் போர்டை எடுத்துட்டு
அரூர்னு மாட்டுவான். அதே வண்டி, அதே டிரைவர்,
அதே மூடாத ஜன்னல்."
ஆமாம், ஏறுகிற ஜனம்தான் வேறு.
என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம்
இருபத்திரண்டு பக்கம்.

இரவு ஒன்று பத்துக்குக் கரன்ட் போனது.
சவ்வை ஆட்டிக்கொண்டிருந்த மேஜை
பாதிச் சாய்வில் நின்றுவிட்டது.
ஜெனரேட்டர் முதல்வர் அறைக்கும் விளக்குக்கும் மட்டும்.
மீன்கடை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டிக்குள்
தட்டை வைத்துக் கையால் ஆட்டினோம்.
அவர் இருபது நிமிடம், நான் இருபது.
விரல் மரத்துப்போய்
யார் முறை என்பதே மறந்துபோனது.
அறையெல்லாம் கெளுத்தி வாடை.

காலையில் இருட்டறை.
பிலிமில் முதலில் எழுந்தவை மூன்று மூலைகள்.
அவை எப்போதும் எரியும்,
எது மேல் எது கீழ் என்று காட்டுவதற்காக.
பிறகு ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
ஆற்றுத் தண்ணீர் வருகிற ஊரின் படத்தில்
மங்கலாய்க் கிடந்த ஐந்து ஜோடிகள்
மாதம்மாளின் படத்தில் கருத்திருந்தன.

ஆறாம் வரிசையில்தான் சிக்கல்.
இடப்பக்கம் மை கொட்டியது போல.
வலப்பக்கம் ஒன்றுமே இல்லை.
ஒரே ஆன்டிபாடி, ஒரே சாறு, ஒரே ராத்திரி.
காற்றுக் குமிழா,
என் இருபது நிமிடமா, அவருடைய இருபதா?
கருப்பையும் வெறுமையையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
பார்க்க லட்சணமான ஓர் எண் வருகிறது.
அந்த எண்ணைத் தட்டினேன். அழித்தேன்.
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டினேன்.

அப்போது போன்.
"என்னம்மா, எதாச்சும் சொல்லிச்சா?"
அஞ்சு சொல்லிச்சு. ஒண்ணு மட்டும்
பாதி சொல்லிட்டு நிறுத்திடுச்சு.
"அதுவும் என் வாயில இருந்ததுதானே" என்று
மாதம்மாள் சிரித்தாள்.
போனில் பல் தெரியாது என்பதால்
நானும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன்.
எங்கள் ஊரிலும் போர்வெல்தான்.

எண்ணை அழித்தாயிற்று.
அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி
தேதி போட்டேன்.
பெட்டியில் கடைசிச் சவ்வு ஒன்று இருக்கிறது.
சென்றாயன் மீன்கடைக்கு
இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.