கைவிரிக்காதவன்

நெப்ராஸ்கா, வில்பர் மைதானம், ஆறாவது இன்னிங்ஸ்.
சோளக்காட்டுக் காற்று
என் முகமூடிக் கம்பிகளில் தூசி பூசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தளத்திலிருந்து வந்த வெண்டல் க்ராட்கி
சறுக்கினான்.
கேட்சர் ஓரினின் கையுறை
அவன் முட்டியைத் தொடவில்லை.
அவன் காலும்
ஹோம் பிளேட்டைத் தொடவில்லை.
இடையில் ஒரு விரற்கடை மண்,
கலையாமல்.

கை விரித்தால் பிழைத்தான்.
முஷ்டி மடக்கினால் போனான்.
இருவரும் தவறவிட்டால்
நடுவருக்கு ஒரு சைகையும் இல்லை.
பேன்ட் தையலோடு
கைகளை ஒட்டிவைத்தேன்.

ஸ்கோர்போர்டுப் பையன் என்னைப் பார்த்தான்.
வெண்டலின் அம்மா பாப்கார்னைச் சிந்திக்கொண்டு குதித்தாள்.
பலகையில் எண் மாறியது,
என்னைக் கேட்காமலே.

பகலில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறேன்.
பெல்ட் வாங்க வந்தவனிடம்
பேரிங்கும் தேய்ந்திருக்கிறது என்பேன்,
கேட்காமலே சொல்வேன்.
இங்கே அப்படி முடியாது.

ஓரின், ஒரு வார்த்தை.
பந்தோடு பிளேட்டை மிதித்து
‘இவன் தொடலை’ என்று ஒரு வார்த்தை.
அவனோ தன்னையே திட்டியபடி
பந்தை பிட்சரிடம் எறிந்தான்.

பையில் தூரிகை இருந்தது.
இப்போது குனிந்து துடைத்தால்
அதுவும் ஒரு சொல்லாகிவிடும்.
துடைக்கவில்லை.

அடுத்த பந்து, தாழ்வாக.
‘பால்’ என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
அத்தோடு செத்தது அந்தக் கேள்வி.

இன்னிங்ஸ் முடிந்து நான் குனிந்தபோது
பெஞ்சில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
வெண்டல் மட்டும்
என் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மூலையையும் துடைத்தேன்.
கொஞ்சம் மெதுவாகத்தான்.