ஏழாவது உருவம்

இரவு ஏழுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.
என் பெயருக்குக் கீழே லோஷினியும் போடுகிறாள்,
நாளைக்கான பள்ளிச் சட்டை பைக்குள் மடிந்திருக்க.
ஜாகா வேலைக்குப் பிள்ளையைக் கூட்டி வரக்கூடாதென்று
கம்பெனியில் விதி.
வேறெங்கே விடுவதென்று அதில் எழுதவில்லை.

ஆபீஸ் பூட்டும் முன் சூ லின்
ஒரு தாள் அச்செடுத்துத் தருவாள்,
யாரோ கட்டாத பராமரிப்புக் கட்டணத்தின் முதுகில்.
கென்ரோ.
வானத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்த ஜப்பான் பையன்.
தோற்கும்போதெல்லாம் வேறு உருவம் எடுப்பானாம்.
மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.
"இப்போதைக்கு ஏழும்மா" என்றாள்.

முதல் உருவத்தில் முடி படிந்திருக்கும்.
இரண்டில் எழும்பும்.
மூன்றில் தாளைத் தாண்டிப் போய்விடும்.
நான்கில் கையில் தீ,
ஐந்தில் தீயே கை.

தொலைக்காட்சியில் அவன் முடி தங்கம்.
எங்களிடம் தங்கம் இல்லை, அது
ஸ்தாப்பாக் அடகுக் கடையில் இருக்கிறது.
வருகையாளர் புத்தகத்தோடு கட்டிய
நீலப் பேனா இருக்கிறது.
கயிறு எட்டும் வரை தீட்டுவாள்.
எட்டாத மூலைக்கு
கென்ரோவைத் தலைகீழாகத் திருப்பிவைப்பாள்.
கார் வந்தால் பேனாவைக் கொடுத்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.
பதினான்காம் மாடியில் யாருக்கோ பிறந்தநாளென்று
அவன் இடது தோள் ஒருமுறை
பத்தரை வரை வெள்ளையாகவே கிடந்தது.

டேக் பகதூர் மஞ்சள் ஹைலைட்டர் கொண்டுவந்தான்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
பதிலுக்கு ஆறாவது உருவத்தை வாங்கிக்கொண்டு
ரோந்து போனவன்
நாலு மணிக்குத் திரும்பினான்.
கென்ரோவுக்குப் பின்னால் வரிசையாக மலைகள்,
உச்சியில் மட்டும் எதுவும் தீட்டாமல்.
"அங்கே மலையே கிடையாது!"
லோஷினிக்குக் கோபம், முகம் கொடுத்துப் பேசவில்லை.
அவன் சிரித்தபடி படம் பிடித்து
மகனுக்கு அனுப்பினான்.
அவனுக்கும் ஏழு வயது.
கடைசியாகத் தூக்கியபோது நான்கு.
நடுவில் எடுத்த உருவங்களையெல்லாம்
போனில்தான் பார்த்திருக்கிறான்.

ஏழாவதுக்கு மை தீர்ந்துவிட்டது.
சூ லின் மூன்று முறை குலுக்கிப் போட்டாள்.
சாம்பல் கோடு இரண்டு,
ஒரு கண்ணின் பாதி,
மீதி வெறும் தாள்.
"பெட்டி வரும், அடுத்த வாரம்" என்றாள்.
லோஷினி அதை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்,
எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப் போல.
பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

அன்றைக்குத்தான் அந்த மழை.
கோலாலம்பூர் மழைக்கு வாசல் கதவு தெரியாது,
சன்னலால் நுழைந்து
வருகையாளர் புத்தகத்தைக் கஞ்சியாக்கிவிட்டது.
கரண்டும் போய், தடுப்புக் கட்டை படுத்தபடி நின்றுவிட,
ஹாரன் மேல் ஹாரன்.
கைக்கு அகப்பட்ட காய்ந்த தாளில் எழுதினேன்:
கார் எண், வீட்டு எண், வந்த நேரம்,
பீட்சாக்காரன், பிளம்பர்,
அப்பாவைப் பார்க்க வந்த ஒரு பெண்,
பெயர் சொல்ல மறுத்த ஒருவர்.
பாதிக் கண்ணைக் கவனித்தது
அதன்மேல் எழுதிய பிறகுதான்.

விடிந்ததும் சூப்பர்வைசர் வந்தார்,
தாளை வாங்கி, முத்திரை குத்தி,
கோப்பில் துளையிட்டு மாட்டினார்.
லோஷினி சட்டை மாற்றிக்கொண்டு பார்த்திருந்தாள்.
அழுவாள், சமாதானமாக
ரொட்டிச் சானாய் வாங்கித் தரலாமென்று
சில்லறையை எண்ணி வைத்திருந்தேன்.

பள்ளி வேனுக்கு நடக்கும்போது கேட்டாள்:
"ராத்திரி எத்தனை பேர்ம்மா?"
இருபத்து மூன்று.
"எல்லாருமே அவன் மேலேயா?"
ஆமாம் என்றேன்.
கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.

கரண்ட் இன்னும் வரவில்லை.
நனைந்த சட்டையோடு டேக் பகதூர்
தடுப்புக் கட்டையை இரண்டு கையாலும்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.
முடியெல்லாம் குத்திட்டு நின்றது.
நாங்கள் குனியாமலே வெளியே போனோம்.