சுவருக்கு இந்தப் பக்கம்

சகனெட்சாவின் குரல் எப்படி என்று
என்னைக் கேட்காதீர்கள்.
இருபத்தாறு வருடம் அவன் வண்டியை ஓட்டினேன்.
அவன் பாடும்போது நான் தூங்கவேண்டும்,
அதுதான் வேலை.
விடியற்காலை மூன்று மணிக்கு
டிரம்ஸ், ஸ்பீக்கர், வியர்வை, பாதிச் சண்டை
எல்லாவற்றையும் ஏற்றி
கோக்வேயிலிருந்து ஹராரே வரை
மாட்டில் மோதாமல் கொண்டுசேர்க்க
ஒருவன் கண்ணாவது வெள்ளையாக இருக்கவேண்டாமா.

பீர் ஹாலின் பின்புறம், கழிப்பறை ஓரம்,
பின்சீட்டில் முழங்காலை மடக்கிப் படுப்பேன்.
சுவர் கிடாரைத் தடுத்துவிடும்.
சொற்களையும்.
பேஸ் மட்டும் செங்கல்லில் ஓதம் ஏறுவதுபோல்
ஊறி ஊறி வந்து
என் விலாவைத் தொடும்.

ஆகவே டூட்டு பாய்ஸின் வரலாறு
எனக்கு நான்கு பேஸ்காரர்களின் வரலாறு.

சிகோச்சி முதலாமவன்.
கடன் வாங்கிய கிடார், மூன்றே தந்தி.
நான்காவதற்குக் காசு வந்தபோது
வேண்டாம், விரல் குழம்பும் என்றான்.
அந்த மூன்றில்தான் முதல் கேசட்.
ம்பாரே பஸ் ஸ்டாண்டில்
அவித்த முட்டை விற்கிறவன்கூட
அதைச் சீட்டியடித்தான்.
தொண்ணூற்றாறில் மெலிந்தான்.
என்ன நோயென்று யாரும் கேட்கவில்லை,
அந்த வருடங்களில் அதுதான் மரியாதை.
பெட்டியை ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில் வைத்து
முரேவா வரை மெதுவாக ஓட்டினேன்.

டிகேரேயைப் பதினாலு மாதத்தில்
அதே சாலையில்.

பிறகு ஜெலஸ். பெற்றவர்கள் வைத்த பெயர்,
பொய்யாகவில்லை.
ஆம்ப்ளிஃபயர் யாருடையது என்ற வாக்குவாதத்தில்
சிவூ பெட்ரோல் பங்கில் இறங்கிக்கொண்டான்.
ஆறே மாதத்தில் சொந்தக் குழு,
அதே தாளம், வேறு சட்டை.
அவன் போஸ்டர்மேல் எங்கள் போஸ்டரை ஒட்டியது
நான்தான்.

அதன்பின் பூஜ்யங்களின் காலம்.
வசூலை எண்ணி முடிப்பதற்குள்
ஒரு ரொட்டிக்கும் காணாமல் போகும்.
ருசாப்பேயில் ஓர் இரவு
டிக்கெட்டுக்குச் சோப்பும் உயிர்க்கோழியும் வாங்கினோம்.
கோழிகளுக்கும் எனக்கும் தூக்கமில்லை.
அன்றுதான் ந்யெவெரோவின் முதல் கச்சேரி.
பொம்பளை பேஸா என்று டிரம்மர் முனகியிருந்தான்.
அவள் ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாசித்தாள்.
மாடிப்படியில் ஒரு படி இல்லாததுபோல்
நான் எழுந்து உட்கார்ந்தேன்.

டீசல் வரிசையில் மூன்றாம் நாள்,
முன்னால் நின்ற லாரியின் ரேடியோவில்
அந்தப் பாட்டு.
எழுப்புங்கள், எழுப்புங்கள் அவனை:
பள்ளிப்பிள்ளைகள் கத்தும் இந்த ஒரு வரி
எனக்கும் தெரியும்.
ஒரு பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்தார்.
ஒரு மந்திரி தன்னைத்தான் சொல்கிறான் என்று
ஒரு வருடம் ரேடியோவில் நிறுத்திவைத்தார்.
முழுதாக நான் கேட்டது அன்றுதான்.
ஊரே ஆடுகிறது, ஒருவன் தூங்குகிறான்;
முகத்தில் தொப்பி, காலடியில் பூட்ஸ்,
முழங்காலை மடக்கி,
கழிப்பறை நாற்றத்தில்.

மலையேற்றத்தில் இரண்டாம் கியர் போட்டுக்கொண்டே
கேட்டுவிட்டேன்.
'ம்ஹோஃபு, அது நாட்டைப் பற்றியது' என்றான்
என் குலப்பெயர் சொல்லி, ரொம்ப மரியாதையாக,
ஜன்னலைப் பார்த்தபடி.
பின்சீட்டில் ந்யெவெரோ சிரிப்பை இருமலாக்கினாள்.
எனக்கு அப்போது
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

ஒரே ஒருமுறை உள்ளே போய் நின்றேன்.
விளக்கு, புகை, முதுகுகள்.
சகனெட்சா வாயைத் திறந்தான்,
நரைத்த தாடி மைக்கில் உரச.
நல்ல குரல்தான், எல்லாரும் சொல்வதுபோல்.
ஆனால் அத்தனை சத்தத்தில்
பேஸ் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
வண்டிக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன்.
அங்கே இருந்தது.

கண் அசரும் நேரம்
எவனோ குடிகாரன் கண்ணாடியைத் தட்டினான்,
எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று பாடிக்கொண்டே.
தீப்பெட்டி வேண்டுமாம்.