தலைப்பில்லாதது

காலாங் பாரு தொழிற்கூடம், நான்காம் மாடி,
சரக்கு மின்தூக்கிக்கு எதிர்க்கதவு.
பக்கத்தில் கறிபாப் பொரிப்பார்கள்.
எங்கள் முதல் ஆயிரம் வரி நிரலைப் பிழிந்தால்
இன்றைக்கும் எண்ணெய் சொட்டும்.

தியாம் ஹாக் நிரல் எழுதினான்.
நற்குணன் கடன் வாங்கினான்.
மூன்றாவது நான்:
அரை விழுக்காடு பங்கு, முழுநேரமும் தொலைபேசி.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு வெள்ளைக் கட்டம், அடியில் ஒரு பொத்தான்.
எழுதி அழுத்தினால் ஊருக்குத் தெரியும்.
அதுவரை இணையத்தில் நாலு வரி ஏற்ற
கணினி படித்த மைத்துனன் ஒருவன்
வீட்டுக்கு வீடு தேவைப்பட்டான்.

தமிழ்தான் படுத்தியது.
'கொ' என்று தட்டினால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்
வராத எழுத்துக்கு இடம் பிடித்து
உட்கார்ந்திருக்கும்.
இரவு மூன்று மணிக்குத் தியாம் ஹாக் கேட்டான்:
"பின்னால் சொல்வதை
உன் மொழி ஏன் முன்னால் எழுதுகிறது?"
எனக்குத் தெரியவில்லை.
கீழே போய் கோப்பி ஓ கட்டிக்கொண்டு வந்தேன்.
பதினேழாம் நாள் எழுத்து ஒட்டிக்கொண்டது.
ஒரு வார்த்தை படிக்கத் தெரியாதவன்
திரையை விரலால் தடவினான்,
பிள்ளைக்குப் பல் முளைத்த இடத்தைத் தடவுவதுபோல.

தலைப்பு வைக்காமல் விடுகிறவர்களுக்குக்
கட்டமே ஒன்று வைக்கவேண்டும்.
தமிழில் என்ன போடலாம் என்றார்கள்.
என் வாயில் மீ கோரெங்.
"தலைப்பில்லாதது" என்றேன்.
அவ்வளவுதான் என் படைப்பிலக்கியம்.

முதலீட்டாளர் சன்டெக்கில், முப்பத்தோராம் மாடியில்.
நற்குணன் அண்ணனின் கோட்டு, தோள் இரண்டும் தொங்கின.
யார் இதையெல்லாம் படிப்பார்கள், என்றார் அவர்.
நற்குணன் எண்களைச் சொன்னான்.
நல்ல எண்கள்தாம்,
எங்களுடையவை அல்ல.

சம்பளம் மார்ச்சில் நின்றது.
அந்த மார்ச்சில்தான் சார்ஸும் வந்தது.

வாசலில் கேமரா பொருத்திய வீடுகளிலிருந்து எழுதினார்கள்.
சீனத்தில், மலாயில், தமிழில்,
எது முந்துகிறதோ அதில்.
முன்னூறு பேருக்கு வாங்கிய சர்வரில்
ஒன்பதாயிரம் பேர் ஏறி நின்றார்கள்.

தாதி ஒருத்தி. பெயர் போடவில்லை.
தினமும் தன் உடல்வெப்பம் மட்டும் எழுதுவாள்.
36.8.
37.1.
36.9.
ஒவ்வொன்றின் மேலும் என் சொல்: தலைப்பில்லாதது.
அந்த எண்ணைப் பார்க்காமல் தூங்கமாட்டோம் என்று
முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்கள்.

ஓர் இரவு சர்வர் கொதித்தது, எழுபத்தொன்று.
கறிபாப் கூடத்து சல்மா அக்கா
தன் மேசைவிசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார்,
மாவுக் கையோடு.
மூவரும் முறைவைத்துக் காவல் இருந்தோம்.
விடிகாலை நாலே முக்காலுக்கு வந்தது: 36.7.
தியாம் ஹாக் கழிப்பறைக்குப் போய்
வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

பத்தாம் நாளுக்குப் பிறகு அவள்
முதல்முறையாகத் தானே தலைப்பு வைத்தாள்:
'டியூட்டி.'
உள்ளே ஒன்றுமில்லை.
பிறகு எழுதவே இல்லை.

மறு வருடம் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம்
இதையே இலவசமாகத் தந்தது.
எங்களுடையதும் இலவசம்தான்.
அவர்களுடையது வாடகை கட்டிய இலவசம்.

எடுத்துக்கொள்ளுங்கள், முப்பது நாள் இருக்கிறது என்று
எல்லோருக்கும் கடிதம் எழுதியது நான்.
பாதிப்பேர் எடுக்கவில்லை.
கடைசி மாலை எண்ணிப் பார்த்தேன்:
தலைப்பில்லாதது, பதினோராயிரத்து இருநூற்றுப் பதினான்கு.
அழிக்கட்டுமா என்று கேட்டது.
அந்தக் கேள்வியையும் தமிழில் எழுதியவள் நான்தான்,
மரியாதையாகவே எழுதியிருந்தேன்.

தியாம் ஹாக் இப்போது ஒரு வங்கியில்.
நற்குணன் போன வருடம்தான் கடைசித் தவணையைக் கட்டினான்;
குறுஞ்செய்தியில் ஒரு புள்ளி மட்டும் அனுப்பினான்.

விசிறியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
சல்மா அக்காவின் கதவில் வேறு பெயர்ப்பலகை.
என் வீட்டில்தான் ஓடுகிறது.
இரண்டாம் வேகம் வேலை செய்யாது.
ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவும்.