பதினான்காம் மேசை

தண்ணீர்மலைப் பக்கத்து மண்டபத்தில்
தாலி ஏறி முக்கால் மணி நேரம்.
பதினான்காம் மேசையில் பேச்சு
பெண்ணின் ஒட்டியாணத்தை விட்டுவிட்டுத்
தாய்லாந்துக்குப் போயிருந்தது.

"சட்டமாவே ஆக்கிட்டானுங்க, தெரியுமா?"
அப்பளத்தை நொறுக்கியபடி
லாரி கம்பெனி சின்னராஜு கேட்டார்.
"ஆம்பளையும் ஆம்பளையும்.
பொம்பளையும் பொம்பளையும்.
ஹாட்யாய் இங்கேர்ந்து நாலு மணி நேரம்தான்யா."
சட்டத்தைவிட அந்தத் தூரம்தான்
அவரை அதிகம் பயமுறுத்தியது.
வடக்கிலிருந்து வெள்ளம் வருவதுபோல்
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

டீச்சர் குணவதி சமாதானமாகச் சொன்னாள்:
"யாருக்கு என்ன நட்டம் அங்கிள்?
சேர்ந்து இருக்கிறவங்க இருந்துட்டுப் போகட்டும்.
கல்யாணம்னு பேரு மட்டும் வேணாம்."
நல்ல மனசோடுதான் சொன்னாள்.
வீட்டைக் கொடுத்துவிட்டுச்
சாவியை மட்டும் வைத்துக்கொள்கிற
நல்ல மனசு.

காலேஜ் படிக்கும் அவள் மகன்
'உரிமை' என்று ஆரம்பித்தான்.
ரசம் வாங்கி வரச்சொல்லி
அவனை எழுப்பி அனுப்பினாள்.

என் இடப்பக்கம் விமலேஸ்வரி.
அழைப்பிதழ் உறைமேல்
'செல்வி ரேணுகாதேவி மற்றும் தோழி.'
ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடி என்பது
தபால்காரருக்குச் சொல்லும் விலாசம்.
இருபத்திரண்டு வருடமாக அவள் குடியிருப்பது
அந்த 'மற்றும்'-க்குள்.

எனக்கும் ஒன்று நடந்தது.
சேமநிதி அலுவலகம், ஒரு செவ்வாய்க்கிழமை, எமகண்டம்.
ஆயிரத்து எழுபத்து நாலு, கவுண்டர் ஆறு என்று
ஒலிபெருக்கி எங்களை அழைத்தது.
நான் செத்தால் பணம் யாருக்கு
என்று கேட்டாள் அந்தப் புவான்.
விமலாவின் முழுப்பெயரை
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
"உறவுமுறை?"
"கவான்."
அவளும் நிமிராமல் தட்டினாள்,
தோழி என்று.

விரலை வைக்கச் சொன்னாள்.
பாயான் லெப்பாஸில் பதினேழு வருடம்
ஈயம் பற்றவைத்த விரல், ரேகை தேய்ந்தது.
மெஷின் படிக்கவில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன். படிக்கவில்லை.
விமலா என் கையைப் பிடித்துத்
தன் துப்பட்டா முனையால்
அழுத்தித் துடைத்துவிட்டாள்.
மூன்றாவது தடவை
ஏறியது.

அன்று மதியம்
பாசார் வாசலில் நின்று
செண்டோல் குடித்தோம்.
விருந்து அவ்வளவுதான்.

"நீ என்னம்மா சொல்றே, ரேணுகா?
வாயே திறக்கலியே."
சின்னராஜு என் பக்கம் திரும்பினார்.
மேசை முழுக்கத் திரும்பியது.
"பாயசம் ஆறுது அங்கிள்" என்றேன்.
இதைவிடக் கோழையாகவும்
பேசியிருக்கிறேன் நான்.
விமலா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
நர்சிடம் தங்கச்சி என்றேன்.
இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு
அவள் சிரித்தாள்.

அவர்கள் மறுபடி
நாடு கெட்டுப்போவதற்குத் திரும்பினார்கள்.
என் இலையில் கிடந்த கத்தரிக்காயை
ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இலையில்
போட்டுக்கொண்டிருந்தாள் விமலா,
கேட்காமல், பார்க்காமல்,
எந்தக் கட்சியும் சேராமல்.
குணவதி பார்த்துவிட்டாள்.
கத்தரிக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு ரொம்ப நேரம்
மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை.
கிராப் வர எட்டு நிமிடம் என்றது போன்.
மொய்யில் என் பெயர் மட்டும் எழுதியதற்கு
ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன்.
"ஹாட்யாய் வேனுக்கு எவ்வளவு வெள்ளி?"
என்று கேட்டாள்.

கட்டிக்கிட்டு வந்தாலும்
படாங் பெசார் தாண்டினா லைன் போயிடும்,
தாய்லாந்து சிம் மாதிரி, என்றேன்.

"தெரியும்" என்றாள்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
வெள்ளத்தில் இறங்கினாள்.
"எவ்வளவுன்னுதானே கேட்டேன்."