அதே அட்டை

குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டினால் ஒன்று.
முள்ளூர் டீக்கடைக்குப் பின்னால் ஒன்று,
சாவி கடைக்காரர் இடுப்பில்.
அரவேனுவில் கட்டணக் கழிப்பறை, ஐந்து ரூபாய்.
நல்லவேளை, சில்லறைக்குப் பஞ்சமில்லாத வேலை.
உங்களுக்கு இது மலைப்பாதை.
எனக்குக் கதவுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூரம்.

ஆறு வருடமாகப் பெருங்குடலில் புண்.
விசிலைப் பல்லில் கடித்தபடி
டிக்கெட் கிழித்திருக்கிறேன்.
ஸ்டீராய்டில் முகம் ஊதியபோது
"கண்டக்டர் சதை போட்டுட்டாரு" என்றாள்
கேரட் மூட்டைக்கு லக்கேஜ் தராத ஒருத்தி.

கோயம்புத்தூர் டாக்டரம்மா இந்த முறை
பேனாவை மூடி மூடித் திறந்தார்.
"இது குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரை.
பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக
குடல் புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
சின்னச் சின்ன ஆய்வுகள்தான்.
சிலருக்குக் கேட்கிறது. உறுதி சொல்ல மாட்டேன்.
பழைய மருந்தை நிறுத்திவிடாதீர்கள்."

கோத்தகிரி மெடிக்கலில் தாஜுதீன்
சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
குரலைத் தணித்து "எப்போலேர்ந்து?" என்றார்.
திருவிருந்து ரசம் தவிர
வேறொன்றும் இறங்காத தொண்டை இது.
மறுநாள் டிப்போவில் எனக்கு
ஊறுகாய் பாக்கெட் நீட்டினார்கள்.

டிரைவர் போஜன் மட்டும் சிரிக்கவில்லை.
கடைசி ட்ரிப் முடிந்த காலி பஸ்ஸில்
டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார்:
அதே அட்டை. அதே பச்சை எழுத்து.
ஒற்றை மாத்திரை மிச்சம்.
"நாப்பத்தொரு நாளாச்சு" என்றார்,
மலைக்கு மாலை போட்டவர் போல.
அவருக்கு முழுசு, எனக்குத் துணுக்கு.

கேட்டதா என்றால்,
பதினொன்று ஏழாகியிருக்கிறது.
ரத்தம் சில நாள் இல்லை, சில நாள் இருக்கிறது.
கனவுகள்தான் அதிகம்;
நேற்று பஸ் ரிவர்ஸிலேயே மலையேறியது.

மேட்டுப்பாளையம் ஸ்டாண்டுக்கு எதிரே
அந்தக் கடை. எங்களுக்குப் பத்து நிமிட நிறுத்தம்.
கணக்கு இடிக்கிறது என்று சொல்லி
தினமும் போஜனை உட்காரவைத்துச்
சில்லறை எண்ண வைக்கிறேன்.
ஒரு நாளும் இடித்ததில்லை, அவருக்கும் தெரியும்.

இன்று குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில்
நான் விசிலைத் தொடுமுன் வண்டி நின்றது.
பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.
போஜன் இறங்கி
நன்றாயிருந்த முன் டயரை
உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் திரும்பி வரும்வரை.