பிழை நேர்ந்தால்

ஆறு மணி நேரம் குதிரையில்.
அதற்கு மேல் குதிரையும் ஏறாது,
பாறைச் சரிவில் கைகால் நான்கும் ஊன்றி.
ஏரிக்கரைத் தகரக் கூண்டுக்குள்
மடிக்கணினியைத் திறந்தபோது
விரல்கள் என்னுடையவையாக இல்லை.
தோக்தோசுன் ஃபிளாஸ்க் மூடியில்
தேநீர் ஊற்றித் தந்தான்.
குடிக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூண்டுக்குள் இருப்பது இவ்வளவுதான்:
ஒரு பேட்டரி, ஒரு பழைய கணினி,
தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கம்பி.
கம்பி நீர்மட்டம் சொல்லும்.
கணினி எழுதிக்கொண்டு
மணிக்கொரு தரம் கீழே அனுப்பும்,
காராகோலில் என் மேசைக்கு.
ஆகஸ்டில் பதினோரு நாள் வந்த எண் ஒன்றே:
இருநூற்றுப் பதினான்கு. இருநூற்றுப் பதினான்கு.
ஏரி நல்ல பிள்ளையாக இருக்கிறது என்று
அலுவலகத்தில் நானே சொன்னேன்,
தர்பூசணி தின்றபடி.

மறுநாள் விடியலில் பனிக்கரை உடைந்து
ஏரி பள்ளத்தாக்கில் இறங்கியது.
ஒரு பாலம்.
அறுத்து அடுக்கிய புல் அத்தனையும்.
தோக்தோசுனின் சினைக்குதிரை.
மனிதர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.
வட்டும் பிழைத்தது.
எந்தப் பொருளில் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

பிழை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று
வட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.
கண்டுகொள்ளாமல் தொடர்.
அல்லது, எழுதுவதை நிறுத்து,
இருப்பதை மட்டும் படித்துக் காட்டு.
அல்லது, நின்ற இடத்தில் செத்து விழு.
ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தக் கணினி தொடரும்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
நாங்கள் என்றால் நான்.
மூன்று வருடத்துக்கு முன், இதே கூண்டு,
இருட்டுமுன் இறங்கிவிடும் அவசரம்,
கேட்ட கேள்விக்கெல்லாம்
எண்டர், எண்டர், எண்டர்.

"என்ன கேட்கிறது?" என்றான்.
சொன்னேன்.
"விழச் சொல்."
விழுந்தால் யாராவது ஏறி வந்துதான் எழுப்ப வேண்டும்.
ஜனவரியில் விழுந்தால் மே மாதம்.
"தெரியாத பனியில் குதிரை நின்றுவிடுமே,
அந்த மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.
"குதிரையை இதில் இழுக்காதே.
அது ஈ மொய்த்தாலும் நிற்கும்."
பிறகு கொஞ்ச நேரம்
காற்று மட்டும் தகரத்தோடு பேசியது.

வட்டின் முதல் ஏட்டைப் புரட்டினேன்.
யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாமல்
அது குறித்து வைத்திருந்தது:
பிழைகள் முப்பத்தேழு.
முதல் பிழை, ஆகஸ்ட் ஒன்பது,
இரவு இரண்டு மணி நாற்பது நிமிடம்.
அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
தொடரச் சொன்னோம், தொடர்ந்தது.
பொய் சொல்லவில்லை.
கடைசியாக எழுத முடிந்த ஒரே எண்ணை
திரும்பத் திரும்ப
நேர்மையாக வாசித்தது.

புது வட்டை மாட்டினேன்.
எழுத்தை நிறுத்து, படிப்பதை நிறுத்தாதே என்றேன்.
நிறுத்திய நொடியே கீழே சொல் என்றேன்.
சைரனுக்கு மட்டும் தனி வயர்,
கம்பியிலிருந்து நேரே,
வட்டை நம்பாமல்.
சொன்னது ஏறிவிட்டதா என்று கேட்டேன்.
ஏறிவிட்டது.
மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்கும்போது
தோக்தோசுன் வெளியே போய்விட்டான்.

சரிவின் அடியில் கட்டியிருந்த இடத்தில்
சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான்,
அண்ணனிடம் இரவல் வாங்கிய குதிரைக்கு.
அலுவலகப் படிவத்தில்
'காரணம்' என்ற கட்டத்தில்
'வட்டுக் கோளாறு' என்று
போன வாரமே எழுதி வைத்திருக்கிறேன், பேனாவால்.
முதலில் எண்டர் அழுத்தியது யார் என்று
அவன் கேட்கவில்லை.
கேட்காததால் நானும் சொல்லவில்லை.

இறக்கத்தில் குதிரைகள் வேகமாகவே போயின.
பாலம் இருந்த இடத்தில்
கடிவாளத்தை இழுத்து நிறுத்தினேன்.
"என்ன?" என்றான்.